17 முறை தள்ளிப்போன ஏலம்: நெல்லூர் சாராய எதிர்ப்பில் உள்ளூர்த் தலைமை குறித்த மறுவாசிப்பு

சிக்கல்

ஆந்திரப் பிரதேசச் சாராய எதிர்ப்பு இயக்கத்தைப் பற்றி எழுதுவோர் தவறாமல் எடுத்தாளும் செய்தி ஒன்று உண்டு: நெல்லூர் மாவட்டத்தில் சாராய ஏலம் 17 முறை தள்ளிவைக்கப்பட்டது. பெண்களின் கோபம் எத்தனை பெரிது என்பதற்குச் சான்றாக இதைக் காட்டிவிட்டு அடுத்த பத்திக்குப் போய்விடுவது வழக்கம். அந்த எண்ணைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் தொடக்கம். கோபத்தால் ஓர் ஏலத்தை நிறுத்திவிடலாம். ஏலம் தள்ளிப்போக, புதுத் தேதி அறிவிக்க, மறுபடியும் எதிர்ப்பு திரண்டு நிற்க என்று 17 முறை நடக்க வேண்டுமானால் கோபம் மட்டும் போதாது. ஏலத் தேதி முன்கூட்டியே யாருக்கோ தெரிந்திருக்க வேண்டும். அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். அன்றைய கூலியை இழக்க எந்த வீடு தாங்கும், எது தாங்காது என்று யாரோ கணக்குப் பார்த்திருக்க வேண்டும்.

இந்த இயக்கத்தை விளக்க இதுவரை இரண்டு வாசிப்புகள் செல்வாக்குப் பெற்றிருக்கின்றன. ஒன்று, இது தன்னெழுச்சி என்பது: பொறுத்துப் பொறுத்துப் பார்த்த பெண்கள் ஒருநாள் பொங்கி எழுந்தார்கள். மற்றது, இது எழுத்தறிவு இயக்கத்தின் விளைவு என்பது: வகுப்பில் ஒரு பாடம் படித்தார்கள், விழித்துக்கொண்டார்கள், கடையை மூடினார்கள். இரண்டும் ஒன்றை ஒன்று மறுப்பவைபோல் தோன்றினாலும் ஓர் இடத்தில் கைகோத்துக்கொள்கின்றன. அந்த ஊர்களுக்குள் சொல்லத்தக்க தலைமை ஏதும் ஏற்கெனவே இருக்கவில்லை என்பதே அந்த இடம். முதலாவது வாசிப்பில் தலைமையே தேவைப்படவில்லை. இரண்டாவதில் அது வெளியிலிருந்து வந்தது.

நெல்லூரில் தலைமை இருந்தது. அதைத் தேட வேண்டிய இடம், முதலில் எழுந்து நின்றவர் யார் என்ற கேள்வியில் இல்லை. ஓர் ஊர் செய்ததை அடுத்த ஊர் செய்யத்தக்கதாக மாற்றிக்கொடுத்த வேலை எங்கே நடந்தது, யார் கையால் நடந்தது என்பதில் இருக்கிறது. இதை நிறுவுவதற்குப் புதிய ஆவணம் எதையும் நான் முன்வைக்கப்போவதில்லை. எல்லோரும் படித்த ஒரு பழைய பகுதியையே மீண்டும் படிக்கிறேன்.

பாடநூல் பத்திகள்

2007இல் வெளியான என்.சி.இ.ஆர்.டி.யின் 12ஆம் வகுப்பு அரசியல் அறிவியல் பாடநூலில், விடுதலைக்குப் பிந்தைய இந்திய அரசியலைப் பேசும் நூலில், மக்கள் இயக்கங்களின் எழுச்சி பற்றி ஓர் இயல் இருந்தது. சிப்கோவும் தலித் சிறுத்தைகளும் பாரதிய கிசான் யூனியனும் இடம்பெற்ற அந்த இயலில் ஆந்திரச் சாராய எதிர்ப்புக்கும் சில பத்திகள் ஒதுக்கப்பட்டன. அண்மைய பாடக்குறைப்பில் அந்த இயலே நீக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் சுமார் 15 ஆண்டுகள் நாடெங்கும் மாணவர்கள் இந்த இயக்கத்தை அந்தப் பத்திகள் வழியாகத்தான் அறிந்தார்கள்.

ஆய்வுக்குப் பாடநூலையா சான்றாக எடுப்பது என்று கேட்கலாம். ஒரு துறை எதைத் தீர்ந்த விஷயமாகக் கருதுகிறது என்பது பாடநூலில் தெரிவதுபோல் வேறெங்கும் தெரியாது. சிறப்புக் கட்டுரைகளில் இருக்கும் ஐயங்களும் இடைவெட்டுகளும் அங்கே கழிந்துபோய், ஒப்புக்கொண்ட கதை மட்டும் மிஞ்சுகிறது. கதையின் மூட்டுகள் கண்ணுக்குத் தெரிவதும் அப்போதுதான்.

அந்தப் பத்திகள் மூன்று செய்திகளைச் சொல்கின்றன. முதலாவது, இது பெண்களின் தன்னெழுச்சியான திரட்சி. இரண்டாவது, இதன் தோற்றுவாய் நெல்லூர் மாவட்டத் தூபகுண்ட. அங்கே முதியோர் எழுத்தறிவு வகுப்பில் சேர்ந்த பெண்கள், வீட்டு ஆண்களின் குடி பெருகிவருவதைப் பற்றிப் பேசத் தொடங்கினார்கள், கடையை மூடவைத்தார்கள். செய்தி பரவி ஏறத்தாழ 5,000 ஊர்ப் பெண்கள் கூட்டம் போட்டு, மதுவிலக்குக் கேட்டுத் தீர்மானம் நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கு அனுப்பினார்கள். ஏலம் 17 முறை தள்ளிப்போனது. மூன்றாவது, 1992 செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் தெலுங்கு நாளேடுகளில் இத்தகைய செய்திகள் அடிக்கடி வந்தன; அவற்றில் ஊர்ப் பெயர்தான் மாறியது, நடந்த விதம் ஒன்றுபோலவே இருந்தது.

முதற்செய்தியை மற்ற இரண்டும் தாங்கவில்லை. தீர்மானத்தை எடுத்துக்கொள்வோம். தீர்மானம் என்பது ஒரு தாள். அதற்கு ஒரு வாசகம் வேண்டும், கையெழுத்தோ கைநாட்டோ வேண்டும், ஆட்சியர் அலுவலகத்துக்குக் கொண்டுபோக ஆள் வேண்டும். ஓர் ஊர் அப்படி ஒரு தாளை எழுதியது என்றால் அதைத் தற்செயல் எனலாம். ஆயிரக்கணக்கான ஊர்கள் ஒரே வகையான தாளை ஒரே முகவரிக்கு அனுப்பினால், அந்த வாசகம் கைமாறிக் கைமாறிப் போயிருக்கிறது என்றுதான் பொருள்.

5,000 என்ற எண்ணும் இதையே சொல்கிறது. நெல்லூர் அப்போது 46 மண்டலங்கள் கொண்ட மாவட்டம். 5,000 ஊர் என்றால் மண்டலத்துக்கு நூறுக்கும் மேல். வருவாய்க் கிராமக் கணக்கில் இது வராது. ஒன்று, குக்கிராமங்களையும் காலனிகளையும் தனித்தனியே எண்ணியிருக்க வேண்டும். அல்லது பிற மாவட்ட ஊர்களும் இதில் கலந்திருக்க வேண்டும். முதலாவதே நடந்திருக்கும் என்பது என் கருத்து. தீர்மானம் போட்டது பஞ்சாயத்து அல்ல, பெண்கள் கூடிய இடம். தலித் குடியிருப்பு ஊரோடு சேர்ந்து தீர்மானம் போடவில்லை, தனியாகப் போட்டது. விவசாயக் கூலிப் பெண்களே, அவர்களிலும் பெருமளவு தலித் பெண்களே, இந்த இயக்கத்தின் முதுகெலும்பு என்பது பல பதிவுகளிலும் ஒத்துவரும் செய்தி. அது உண்மையானால் எண்ணும் அலகு வருவாய்க் கிராமமாக இருந்திருக்கவே முடியாது. அந்த எண் மிகைபோல் தோன்றுவது, நாம் தவறான அலகை வைத்துக்கொண்டு பார்ப்பதால்.

குண்ட்லூரில் நடந்தது

பாடநூல் தன் கதைக்கு உதாரணமாகத் தருவது நெல்லூரை அல்ல. சித்தூர் மாவட்டக் கலிகிரி மண்டலத்துக் குண்ட்லூரை. 1992 அக்டோபர் இறுதியில் ‘ஈநாடு’ நாளேட்டில் வந்த செய்தியை ஒட்டியது அது. தூபகுண்ட இருக்கும் மண்டலத்தின் பெயரும் ஏறக்குறைய இதே ஒலியுடையது என்பதால் இரண்டையும் ஒன்றாக்கி எழுதும் குழப்பம் நேர இடமுண்டு. இரண்டும் வெவ்வேறு மாவட்டங்கள், இடையே நெடுந்தொலைவு.

செய்தியின் வரிசை இது. குண்ட்லூர்ப் பெண்கள் கூடிச் சாராய விற்பனை கூடாது என்று முடிவெடுக்கிறார்கள். அந்த முடிவை ஊர்க் கடைக்காரரிடம் சொல்கிறார்கள். சாராயம் கொண்டுவந்த ஜீப்பைத் திருப்பி அனுப்புகிறார்கள். கடைக்காரர் காண்டிராக்டரிடம் போய்ச் சொல்கிறார். காண்டிராக்டர் ஆட்களை அனுப்புகிறார், பெண்கள் மசியவில்லை. போலீஸ் வருகிறது, அதுவும் திரும்பிப் போகிறது. ஒரு வாரம் கழித்து அடியாட்கள் வந்து தாக்குகிறார்கள்; பெண்கள் எதிர்த்து நிற்கிறார்கள்.

இந்த வரிசையை ஆற அமரப் படித்தால் தன்னெழுச்சி வாதம் நிற்காது. முதலில், கடையை உடைக்கவில்லை, சொல்லிவிட்டு வந்தார்கள். கடைக்காரர் ஊர்க்காரர். அவருக்கும் குடும்பம் உண்டு, நாளைக்கும் முகம் பார்க்க வேண்டும். எச்சரிக்கையை அவரிடமும் தடையை ஜீப்பிடமும் வைத்தது நன்கு யோசித்த பிரிப்பு. ஜீப் ஓட்டி வருபவர் சம்பளக்காரர். சரக்கு விற்றாலும் விற்காவிட்டாலும் அவருக்கு இழப்பில்லை. அவர் திரும்பிப்போக நான்கு பேர் வழியில் நின்றால் போதும். உறவு அறுந்துவிடாதபடி எதிரியைத் தேர்ந்தெடுப்பது, சங்கிலியின் எந்தக் கண்ணி இலகுவாக விடும் என்று அறிவது: இவை ஆத்திரத்தின் குணங்கள் அல்ல. நீண்டகாலம் ஒரே ஊரில் வாழ்ந்து, யாருக்கு யார் என்ன முறை என்று தெரிந்தவர்களின் அரசியல் அறிவு.

அடுத்தது அந்த ஒரு வாரம். போலீஸ் திரும்பிய நாளுக்கும் அடியாட்கள் வந்த நாளுக்கும் இடையே செய்தி ஒரே தாவாகத் தாவுகிறது. நாளேட்டுச் செய்தி அப்படித்தான் எழுதப்படும். சண்டை நடக்காத நாளில் செய்தி இல்லை. ஆனால் அந்த ஒரு வாரமும் சாராயம் ஊருக்குள் வராமல் யாரோ பார்த்துக்கொண்டார்கள். கூலி வேலைக்குப் போகும் பெண்கள் நாள் முழுக்கச் சாலையில் நிற்க முடியாது. முறை வைத்துத்தான் நின்றிருக்க வேண்டும். ‘நாம் மட்டும் ஏன் வம்புக்குப் போக வேண்டும்’ என்று வீட்டில் எழுந்த பேச்சுக்கு யாரோ பதில் சொல்லியிருக்க வேண்டும். ஊர்த்தலைமை வாழ்வது இந்தத் தாவலுக்குள்தான். சான்று குறைவாக இருப்பதால் தலைமையே இல்லை என்று முடிவுகட்டுவது, நாளேட்டின் தேவையை வரலாற்றின் அளவுகோலாக ஆக்கிக்கொள்வதாகும்.

இப்போது மூன்றாவது செய்திக்கு வரலாம். எல்லா ஊர்க் கதையும் ஒன்றுபோல் இருந்தது என்பதை, எல்லா ஊர்த் துயரமும் ஒன்றுபோல் இருந்ததற்கு அடையாளமாகப் பாடநூல் எடுத்துக்கொள்கிறது. துயரம் ஒன்றாக இருப்பதால் செயல் ஒன்றாகிவிடாது. குடிகாரக் கணவனால் அவதிப்பட்ட பெண்கள் எல்லாக் காலத்திலும் எல்லா ஊரிலும் இருந்தார்கள். தாய்வீட்டுக்குப் போனார்கள், பஞ்சாயத்து வைத்தார்கள், சாமியிடம் வேண்டிக்கொண்டார்கள், கிணற்றில் விழுந்தார்கள். 1992இல் பல நூறு ஊர்களில் அவர்கள் ஒரே வரிசையில் ஒரே காரியங்களைச் செய்தார்கள் என்றால், கூடுவது, கடைக்காரரிடம் சொல்வது, ஜீப்பைத் திருப்புவது, ஆட்சியருக்குத் தாள் அனுப்புவது என்ற வரிசை கற்றுக்கொள்ளப்பட்டது. கதைகளின் ஒற்றுமை ஒழுங்கமைவின் தடயம்.

வகுப்பும் ஊரும்

கற்றுக்கொள்ளப்பட்டது என்றதும் இரண்டாம் வாசிப்பினர் மகிழ்வார்கள்: அதைத்தானே நாங்களும் சொல்கிறோம், வகுப்பில் கற்றார்கள் என்று. இங்கேதான் கால வரிசையைக் கவனிக்க வேண்டும்.

எழுத்தறிவுப் பாடங்களில் இரண்டு கதைகள் அடிக்கடி பேசப்படுகின்றன. ஒன்று ‘சீதம்மா கதா’, சாராயத்தால் அலைக்கழியும் ஒரு பெண்ணின் கதை. மற்றது ‘ஆடவாள்ளு ஏகமைதே’, அதாவது பெண்கள் ஒன்றுசேர்ந்தால் என்ற தலைப்பில் அமைந்தது. இந்த இரண்டாவது பாடம் தூபகுண்டவில் நடந்ததைச் சொல்வது. பாடம் படித்துத் தூபகுண்ட எழுந்தது என்று எழுதுவோர் பெரும்பாலும் இரண்டு பாடங்களையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். தூபகுண்டவைச் சொல்லும் பாடம் தூபகுண்டவுக்குக் காரணமாக இருக்க முடியாது. ஊர் முதலில் செய்தது. பிறகு புத்தகத்தில் ஏறியது. அதன்பின் பிற ஊர்களுக்குப் போனது.

சீதம்மாவின் கதை முன்பே வகுப்புகளில் படிக்கப்பட்டது என்பதை நான் மறுக்கவில்லை. தூபகுண்டப் பெண்களின் பேச்சுக்கு அது வழி திறந்திருக்கலாம். ஆயினும் இரண்டு பாடங்களும் வாசகரிடம் வேலைசெய்யும் விதம் வேறு. சீதம்மா எங்கும் இருப்பவள். ஆகவே எங்கும் இல்லாதவள். அவள் கதை கண்ணீரை வரவழைக்கும். தூபகுண்ட பஸ் ஏறிப் போகக்கூடிய ஊர். ‘நிஜமாகவே மூடினார்களா, பிறகு போலீஸ் வந்ததா, யாரையாவது பிடித்துக்கொண்டு போனார்களா’ என்று விசாரிக்கலாம். இந்த விசாரணை எந்த வழியாக நடந்திருக்கும் என்பதற்கு என் ஊகம் ஒன்று உண்டு. கிராமத்தில் ஆண்கள் பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே இருப்பவர்கள். ஊர் விட்டு ஊர் வாக்கப்பட்டு வந்தவர்கள் பெண்கள். ஒவ்வொருத்திக்கும் அக்காவோ நாத்தனாரோ சித்தியோ நாலு ஊரில் இருப்பார்கள். ஒரு பாடம் சொன்னதைச் சரிபார்க்கும் வலைப்பின்னல் ஆண்களைவிடப் பெண்களிடம் அகலமானது. அச்சில் வந்த கதை உறவுக்காரியின் வாயால் உறுதிப்பட்டபோதுதான் அது செய்யத்தக்க காரியமாக மாறியது என்று கருதுகிறேன்.

வகுப்பின் பங்கு சிறிது என்று இதற்குப் பொருளல்ல. இருட்டிய பிறகு பெண்கள் ஓரிடத்தில் கூடி உட்கார, எந்த ஆணும் கேள்வி கேட்க முடியாத ஒரு காரணத்தை அரசே கொடுத்தது. அது சாதாரண உதவியல்ல. ஊதியம் பெறாத தொண்டர்கள், பெரும்பாலும் அதே ஊர்ப் பிள்ளைகள், அந்த இடத்தை நடத்தினார்கள். ஜன விஞ்ஞான வேதிகா போன்ற அமைப்புகளின் கலைக்குழுக்கள் பாட்டும் நாடகமுமாக ஊர் ஊராகச் சென்றன. ஆனால் இவை எல்லாம் கதையைக் கொண்டுசெல்லும் வழிகள். கொண்டுவந்த கதையைத் தம் ஊருக்குப் பொருந்துமாறு வெட்டித் தைத்தவர்கள் வேறு. நடவுக்கும் களைக்கும் ஒன்றாகப் போகும் கூலிக் குழுக்களில், யாரை எப்போது அழைத்தால் வருவாள் என்று தெரிந்த பெண் ஒருத்தி எப்போதும் இருப்பாள். வகுப்புக்கு முன்பே இருந்த தலைமை அது. ஆய்வுகள் வகுப்பிலிருந்து தொடங்குவதால் அவள் மாணவியாக மட்டுமே கண்ணில் படுகிறாள்.

சாராயப் பாடம் பின்னாளில் திரும்பப் பெறப்பட்டதாகப் பதிவுகள் சொல்கின்றன. பாடமே காரணம் என்ற வாசிப்பை நிர்வாகமும் நம்பியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். பாடம் போனது, இயக்கம் போகவில்லை. 1993 ஏப்ரல் 15 முதல் நெல்லூர் மாவட்டத்திலும், அதே ஆண்டு அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதும் சாராயம் தடைசெய்யப்பட்டது. மூலம் புத்தகத்தில் இருந்திருந்தால் அதை எடுத்ததும் வேகம் தணிந்திருக்க வேண்டாமா?

ஏல நாட்காட்டி

தன்னெழுச்சி வாதத்துக்கு மிகவும் இக்கட்டான சான்று காலம். பத்திரிகைச் செய்திகள் ஏன் செப்டம்பரிலும் அக்டோபரிலும் குவிந்தன? ஆண்கள் அந்த இரண்டு மாதங்களில் மட்டும் அதிகம் குடிக்கவில்லை. ஆந்திரத்தில் அப்போது கலால் ஆண்டு அக்டோபர் முதல் நாள் தொடங்கியது. அதற்கு முன் கடைகளுக்கான ஏலம் முடிந்தாக வேண்டியிருந்தது. மாநிலத் தடை அக்டோபர் 1ஆம் தேதியில் வந்ததும் தற்செயலல்ல. இயக்கத்தின் உச்சம் துயரத்தின் நாட்காட்டியைப் பின்பற்றவில்லை. அரசின் வருவாய் நாட்காட்டியைப் பின்பற்றியது.

சாராயம் அப்போது மாநிலக் கருவூலத்துக்கு எவ்வளவு முக்கியம் என்பது துறையினர் அறிந்ததே. 1990களின் தொடக்கத்தில் கலால் வருவாய் 800 கோடி ரூபாயைத் தாண்டியிருந்தது. என்.டி. ராமராவ் ஆட்சியில் வந்த ‘வாருணி வாகினி’ திட்டம் சாராயத்தை பிளாஸ்டிக் பாக்கெட்டில் அடைத்து வீட்டு வாசல்வரை கொண்டுசேர்த்தது. குடிதண்ணீர் வராத குடியிருப்புக்கும் பாக்கெட் நாள் தவறாமல் வந்தது. இந்த மாற்றத்தின் அரசியல் விளைவு போதுமான அளவு கவனிக்கப்படவில்லை. ஊருக்கு வெளியே கடை இருந்தவரை குடி ஆண்களின் வெளி. சட்டைப்பையில் அடங்கும் பாக்கெட் வந்தபோது அது பெண்கள் புழங்கும் தெருவுக்குள் நுழைந்தது. ஜீப் எப்போது வரும், எத்தனை மூட்டை இறங்கும், யார் வாங்கி வைப்பார் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. விநியோகத்தைத் திறமையாக்கிய அதே ஏற்பாடு, அதை மறிப்பதற்கான தகவலையும் பெண்கள் கையில் கொடுத்தது.

ஏலம் இன்னொன்றையும் செய்தது. கடை என்பது ஓர் ஊரின் சிக்கல். ஏலம் மாவட்டத்தின் சிக்கல். உன் ஊர்க் கடையும் என் ஊர்க் கடையும் ஒரே மேசையில் ஏலம் போகும்போது, நீ நிறுத்தினால் எனக்கும் நிற்கும். தனித்தனி ஊர்களின் கோரிக்கை ஒரே தேதியில், ஒரே வாசலில் வந்து சேர்வதற்கு அரசே ஏற்பாடு செய்து வைத்திருந்தது. ஓர் ஊரின் வெற்றி அடுத்த ஊருக்கு ஊக்கமாக மாறியதற்குப் பெண்களின் நல்லெண்ணம் மட்டும் காரணமில்லை. ஏல முறை அவர்களின் நலன்களை ஒன்றாகக் கட்டியது. அந்தக் கட்டைக் கண்டுகொண்டு பயன்படுத்தியதே நெல்லூர்த் தலைமையின் தனித்திறன். 17 முறையும் அதைத்தான் செய்தார்கள்.

சில மறுப்புகள்

இது கட்சிகளின் வேலை, பத்திரிகையின் வேலை என்பது ஒரு மறுப்பு. ‘ஈநாடு’ சாராயத்துக்கு எதிராகத் தனிப்பகுதியே ஒதுக்கியது. அன்றைய காங்கிரஸ் அரசை அதற்குப் பிடிக்காது. தெலுங்கு தேசத்துக்கும் இதில் லாபம் இருந்தது. எல்லாம் சரி. பத்திரிகை செய்தியைக் கொண்டுசெல்லும், ஜீப்பின் முன் நிற்காது. மாவட்டப் பக்கங்கள் தூபகுண்டவையும் குண்ட்லூரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்து வைத்தன. பாடம் செய்த வேலையையே இன்னும் வேகமாகச் செய்தன. இது என் வாதத்துக்கு எதிரானதன்று, துணையானது.

தெலங்கானாவில் நக்சல்பாரிக் குழுவினர் முன்பே சாராயத்தைத் தடைசெய்திருந்தார்கள். நெல்லூர் அதன் எதிரொலி என்பது இன்னொன்று. அங்கே தடை ஆயுதம் ஏந்தியவர்களின் ஆணையாக வந்தது, கீழ்ப்படிதல் போதுமானதாக இருந்தது. நெல்லூரில் ஆணையிட யாருமில்லை. இரண்டையும் ஒரே கோட்டில் வைப்பது விளைவை மட்டும் பார்ப்பவர்களுக்கே சாத்தியம்.

தலைமை என்றால் பெயர் எங்கே என்பாரும் உண்டு. பெயர் இருக்கிறது: தூபகுண்ட ரோசம்மாவை ஆந்திரம் அறியும். ஆனால் ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு இயக்கத்தை அவர் வாழ்க்கைக் கதையாக ஆக்குவது, பத்திரிகைக்கும் விருதுக்கும் வசதி. தூபகுண்டவின் கடை மூடப்பட்டதை விளக்க அவர் போதும். ஏலம் தள்ளிப்போனதை விளக்க, பெயர் பதிவாகாத நூற்றுக்கணக்கான ரோசம்மாக்கள் தேவை.

கடைசியாக, எல்லாம் வீண்தானே என்ற எள்ளல். தேர்தலில் வென்று 1995 ஜனவரியில் என்.டி. ராமராவ் கொண்டுவந்த முழு மதுவிலக்கு 1997இலேயே தளர்த்தப்பட்டது. சட்டத்தின் ஆயுளை வைத்துத் தலைமையின் ஆயுளை அளக்கக் கூடாது. நெல்லூரில் நாளுக்கு ஒரு ரூபாய் சேமிக்கும் ‘பொதுப்பு லட்சுமி’ குழுக்கள் இந்த இயக்கத்தின் ஈரம் காய்வதற்குள் பரவின. ஆந்திரத்தின் பிற்கால மகளிர் குழுக்களின் முன்னோடியாக அவை பேசப்படுகின்றன. கூட்டம் போடவும் கணக்கு வைக்கவும் ஆட்சியரிடம் போய் நிற்கவும் கற்ற கைகள் வேறு வேலைக்குப் போயின. அந்த வேலை அரசுக்கு இசைவானதாக ஆகிவிட்டது என்ற விமரிசனம் நியாயமானது. அது தனியே பேச வேண்டியது.

தமிழகத்துக்கு இதில் என்ன

இந்த மறுவாசிப்பு சரியென்றால், இங்கே பழகிப்போன இரண்டு கதைகளையும் திருப்பிப் பார்க்க வேண்டும். புதுக்கோட்டை அறிவொளி இயக்கமும் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதும் ஒன்று. ஷீலா ராணி சுங்கத் என்ற ஆட்சியரின் துணிவாக அது நினைவில் நிற்கிறது. அந்தத் துணிவு மெய். ஆனால் கடன் வாங்கிய சைக்கிளோடு இருட்டில் மைதானத்துக்கு வந்த முதல் பெண்ணின் பின்னால் அடுத்த தெருப் பெண்கள் எப்படி வந்தார்கள் என்பதற்கு ஆட்சியர் அலுவலகக் கோப்பில் பதில் கிடைக்காது. ச. தமிழ்ச்செல்வனின் ‘இருளும் ஒளியும்’ போன்ற அறிவொளி நினைவுப் பதிவுகளை அனுபவ இலக்கியம் என்று ஒதுக்காமல், உள்ளூர்த் தலைமைக்கான மூலங்களாகவே ஆய்வாளர்கள் படிக்க வேண்டும்.

மற்றது 2017. தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து மதுக்கடைகளை அகற்றுமாறு 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த ஆணையால், அடுத்த ஏப்ரலில் தமிழகத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட டாஸ்மாக் கடைகள் மூடப்பட்டன. அவற்றை ஊருக்குள் இடம் மாற்ற முயன்றபோது பெண்கள் திரண்டார்கள். கடைகளை மறித்தார்கள், சில இடங்களில் உடைத்தார்கள், கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். துணிவில் நெல்லூருக்கு அவர்கள் சற்றும் குறைந்தவர்கள் அல்ல. பல ஊர்களில் கடை வரவில்லை. ஆனால் மாநிலக் கொள்கை அசையவில்லை.

தமிழகப் பெண்களிடம் தலைமை போதவில்லை என்றோ, கட்சிகள் ஆதரிக்கவில்லை என்றோ இதற்கு விளக்கம் சொல்வது எளிது. எதிரே நின்ற ஏற்பாடு வேறு என்பதே என் விளக்கம். 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக்கிடம் போனபின் இங்கே ஏலமும் இல்லை, ஏலத் தேதியும் இல்லை, காண்டிராக்டரும் இல்லை. மறிக்கக் கிடைத்தது கடையின் இடம் மட்டும். ஓர் ஊர் வென்றால் கடை அடுத்த ஊருக்குப் போனது. நெல்லூரில் ஏலம் ஊர்களைக் கூட்டாளிகளாக்கியது; இங்கே இடமாற்றம் ஓர் ஊரின் வெற்றியை அடுத்த ஊரின் தலைவலியாக்கியது. தீர்மானத்தின் வாசகம் இங்கும் ஊர் ஊராகப் போனது. ஆனால் அவை சேர்ந்து போய் நிற்க ஒரு வாசல் இல்லை.

இதிலிருந்து முறையியல் சார்ந்த ஒரு முடிவுக்கு வரலாம். உள்ளூர் மாற்றத்தை ஆராய்பவர்கள் தலைவரின் குணநலன்களையும் மக்களின் விழிப்பையும் அளந்தது போதும். அரசு எந்தத் தேதியில், எந்த மேசையில், யார் யாரை ஒன்றாகக் கட்டி முடிவெடுக்கிறது என்ற நடைமுறையிலிருந்து தொடங்க வேண்டும். அந்தக் கட்டு இருக்கும் இடத்தில் ஊர்த்தலைமை மாவட்டத் தலைமையாக வளர வழி இருக்கிறது. அது இல்லாத இடத்தில் அதே துணிவும் அதே அறிவும் ஊர் எல்லையோடு நின்றுவிடுகின்றன. நாமோ அதை மக்களின் குறை என்று எழுதிவிடுகிறோம்.